பாறையின் வயதும் நீரின் பூர்வீகமும்: ஐசோடோப்புப் புவிவேதியியல் எதைச் சொல்கிறது, எப்போது சொல்கிறது?

1972இல் பிரான்சின் பியர்லாட் என்ற ஊரில் இருந்த யுரேனியச் செறிவூட்டல் ஆலையில் வழக்கமான சோதனை ஒன்று நடந்தது. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 நூற்றுக்கு 0.720 பங்கு இருக்கும். எந்தச் சுரங்கத்தில் எடுத்தாலும், நிலவிலிருந்து வந்த கல்லில் அளந்தாலும் ஏறத்தாழ அதே அளவுதான். அன்று கையில் இருந்த மாதிரியில் 0.717தான் இருந்தது. அணுகுண்டுக்கு உதவும் பொருள் என்பதால், இவ்வளவு சிறிய குறைவுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். தேடிப் போனபோது அந்தத் தாது ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் உள்ள ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்தது தெரிந்தது. சுரங்கத்தின் சில இடங்களில் அளவு 0.44 வரை இறங்கியிருந்தது. அருகிலேயே கிடந்த நியோடிமியத்தின் ஐசோடோப்பு விகிதம் இயற்கையான நியோடிமியத்தோடு ஒத்துப்போகவில்லை. அணு உலைக் கழிவோடு ஒத்துப்போனது.

சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியத்தில் 235இன் பங்கு மூன்று சதவீதத்துக்கும் மேல். இன்றைய அணு உலை எரிபொருளின் செறிவும் ஏறக்குறைய அதுதான். தாதுப் படிவத்துக்குள் புகுந்த நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க, மனிதன் தோன்றாத காலத்தில் மண்ணுக்கடியில் அணுப்பிளவு தானாகவே தொடங்கி, பல லட்சம் ஆண்டுகள் நடந்திருக்கிறது. இப்படி நடந்திருக்கக்கூடும் என்று வேதியியலாளர் பால் குரோடா 1956லேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்.

ஐசோடோப்புப் புவிவேதியியலின் வலிமை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது. அதன் நிபந்தனையும் இதிலேயே இருக்கிறது. 0.717 என்ற எண் தனியாக எதையும் சொல்லவில்லை. இருக்க வேண்டிய அளவு இதுதான் என்ற உறுதி இருந்ததாலும், மாதிரி எங்கிருந்து வந்தது என்ற பதிவு இருந்ததாலும், நியோடிமியம் என்ற இரண்டாவது சாட்சி கிடைத்ததாலும்தான் அந்த எண் பேசியது. இந்தத் துறையின் நூறாண்டு வரலாற்றைப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: கருவிகள் கூர்மையானதால் வந்த முன்னேற்றத்துக்குக் குறையாத முன்னேற்றம், அளக்கும் பொருளுக்கு இடையில் என்ன நேர்ந்தது என்று விடாமல் கேட்டதால் வந்திருக்கிறது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே தனிமத்தின் அணுக்களில் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் இருந்தால் அவை ஐசோடோப்புகள். 1913இல் பிரெடரிக் சாடி இந்தப் பெயரை அறிவியலுக்குத் தந்தார். 1919இல் பிரான்சிஸ் ஆஸ்டன் நிறைமாலைமானியைக் கட்டி அவற்றை எடை வாரியாகப் பிரித்துக் காட்டினார். புவியியலாளருக்கு இதனால் இரண்டு வழிகள் திறந்தன. சில ஐசோடோப்புகள் கதிரியக்கத்தால் மாறாத வேகத்தில் சிதைகின்றன. அவற்றால் காலத்தை அளக்கலாம். சிதையாத ஐசோடோப்புகளிலும், எடை வேறுபாட்டால் கனமானவை ஓரிடத்திலும் இலேசானவை ஓரிடத்திலும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அந்தப் பிரிவினை வெப்பநிலை, ஆவியாதல், உயிர்களின் செயல் ஆகியவற்றின் தடத்தைத் தாங்கி நிற்கும்.

முதல் வழி பூமியின் வயதிலிருந்து தொடங்கியது. கெல்வின் பிரபு 1897இல் பூமிக்கு 2 முதல் 4 கோடி ஆண்டுகள்தான் வயது என்று சொன்னார். யுரேனியம் சிதைந்து காரீயமாகிறது என்பது புலப்பட்டதும், 1911இல் மாணவராக இருந்த ஆர்தர் ஹோம்ஸ் பாறைகளுக்கு அந்த முறையில் வயது கணித்து, கோடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கணக்கில் கொண்டுபோனார். ஆனால் பூமியின் வயதுக்கு இறுதி விடை தந்தவர் கிளேர் பேட்டர்சன். அவர் அதை எட்டிய விதம் இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுனிடம் ஆய்வு மாணவராக இருந்த பேட்டர்சனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கனிமத் துணுக்குகளில் உள்ள காரீயத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளப்பது. அளவுகள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கூடுதலாக வந்தன. கருவியில் குறை இல்லை. காரீயம் காற்றில் இருந்தது, குழாய்த் தண்ணீரில் இருந்தது, கண்ணாடிக் குடுவையில் இருந்தது, அமிலத்தில் இருந்தது, தலைமுடியிலும் உடையிலும் ஒட்டி வந்தது. கலிபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்துக்குப் போனபின் அவர் தூசு வடிகட்டிய காற்று உள்ள தனி ஆய்வகம் கட்டினார். குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்தார். பயன்படுத்தும் ஒவ்வொரு வேதிப்பொருளையும் தானே தூய்மைப்படுத்தினார். அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்ளோ விண்கல்லில் ட்ராய்லைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் உண்டு. அதில் காரீயம் இருக்கிறது, யுரேனியம் ஏறக்குறைய இல்லை. ஆகவே சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த காரீயத்தின் விகிதம் அதில் மாறாமல் நின்றிருக்கிறது. அதை மற்ற விண்கற்களோடும் கடலடிப் படிவத்தோடும் ஒப்பிட்டு, 1956இல் பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள், முன்பின் 7 கோடி, என்று அவர் வெளியிட்டார். எழுபது ஆண்டுகள் ஆகியும் அந்த விடை அந்தப் பிழை வரம்புக்குள்ளேயே நிற்கிறது.

அந்த ஆய்வகத்தின் தூய்மையே பேட்டர்சனை அடுத்த கேள்விக்கு இழுத்துச் சென்றது: எங்கும் பரவிக் கிடக்கும் இந்தக் காரீயம் எங்கிருந்து வந்தது? கடல் நீரிலும் கிரீன்லாந்துப் பனியிலும் அளந்து, பெட்ரோலில் கலக்கும் காரீயத்தையே அவர் சுட்டிக்காட்டினார். தொழில்துறையின் கடும் எதிர்ப்பைத் தாங்கிப் பல ஆண்டுகள் போராடினார். இந்தியாவில் 2000த்தில் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியாவில். பாறையின் வயதை அறிய எழுந்த ஓர் அக்கறை குழந்தைகளின் இரத்தத்திலிருந்து நஞ்சைக் குறைத்தது.

காரீயக் கணக்குக்கு மிகப் பொருத்தமான கனிமம் சிர்கான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலைக் கை நிறைய அள்ளினால் கருத்த இல்மனைட், சிவந்த கார்னெட், மஞ்சள் மோனசைட் ஆகியவற்றோடு நிறமற்ற சிர்கான் மணிகளும் கிடைக்கும். சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், காரீயத்தை விலக்கிவிடும். ஆகவே பின்னாளில் அதனுள் காணும் காரீயம் ஏறத்தாழ முழுவதும் அங்கேயே யுரேனியம் சிதைந்து பிறந்தது. யுரேனியம்-238க்கு அரை ஆயுட்காலம் 447 கோடி ஆண்டுகள், 235க்கு 70 கோடி ஆண்டுகள். ஒரே மணிக்குள் வேகம் வேறான இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் இடையில் காரீயம் கசிந்திருக்கிறது. 1956இல் ஜார்ஜ் வெதரில் வரைந்த இசைவுக்கோடு இந்தச் சோதனைக்குத்தான். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் முறைகள் அறிவியலில் அதிகம் இல்லை.

வேலை பொறுமையைக் கேட்கும். பாறையை உடைத்துத் தூளாக்கிச் சலிக்க வேண்டும். அடர்திரவத்தில் இட்டால் கனமான மணிகள் அடியில் தங்கும். காந்தத்தால் இன்னும் பிரித்து, மிஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் மணிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பிசினில் பதித்து, பாதி மணி தேயும்வரை மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் உள்ளே வளர்ச்சி வளையங்கள் ஒளிரும். நடுவில் ஒரு பழைய கரு, சுற்றிலும் பிந்தைய வெப்பத்தில் வளர்ந்த விளிம்பு. இரண்டையும் சேர்த்துக் கரைத்து அளந்தால் வரும் வயது எந்த நிகழ்வுக்கும் உரியது ஆகாது. மணியின் எந்தப் பகுதி என்று குறிவைத்து அளக்கும் அயனி நுண்ணாய்வுக் கருவியை வில்லியம் காம்ப்ஸ்டன் குழுவினர் கான்பெராவில் உருவாக்கினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் மணி ஒன்றுக்கு 440 கோடி ஆண்டு வயது என்று 2001இல் அறியப்பட்டது இந்த முறையால்தான். பூமியில் உருவான பொருட்களில் இதுவரை அறிந்த மிகப் பழையது அது. அங்குள்ள தொன்மையான மணிகளின் ஆக்சிஜன் விகிதத்தைக் கொண்டு, பூமி பிறந்த இருபது கோடி ஆண்டுகளுக்குள்ளேயே மேற்பரப்பில் நீர் இருந்தது என்று வாதிடுகிறார்கள். வாதம் வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் மணியளவு சான்றின் மேல் ஒரு கடலையே நிறுத்துகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நம் காலடியிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது. சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர் அது. வட தமிழ்நாட்டின் இந்தப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பாலக்காட்டிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே போகும் பிளவுப் பட்டையைத் தாண்டித் தெற்கே வந்தால், மதுரைப் பக்கத்துப் பாறைகளில் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட கடும் வெப்ப உருமாற்றம் பதிந்திருக்கிறது. கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. இலங்கையின் பாறைகளிலும் மடகாஸ்கரிலும் அன்டார்க்டிகாவின் ஒரு பகுதியிலும் இதே முத்திரை இருக்கிறது. இலங்கையில் நியோடிமியம் ஐசோடோப்புகள் இன்னொன்றும் செய்தன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த உருமாற்றப் பாறைகளை அவை பிரித்துக் காட்டின: நடுவே 200 முதல் 300 கோடி ஆண்டுப் பழைய மூலத்திலிருந்து வந்த மலைநாட்டுத் தொகுதி, மேற்கே வன்னித் தொகுதியும் கிழக்கே விஜயன் தொகுதியும் அதைவிட இளைய மூலத்தவை. 1980களின் இறுதியில் அந்தத் தீவின் புவியியல் வரைபடத்தையே மாற்றிப் போட வைத்த அளவீடு அது.

இரண்டாவது வழிக்கு வருவோம். ஆக்சிஜனில் 99.76 சதவீதம் 16. 18 என்பது 0.2 சதவீதம்தான். நீரிலிருந்து சுண்ணாம்பு ஓடு உருவாகும்போது 18 எவ்வளவு சேரும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது என்று ஹரால்ட் யூரி 1947இல் காட்டினார். சில ஆண்டுகளில் அவருடைய குழு, ஜுராசிக் காலத்து பெலம்னைட் என்ற கணவாய் வகை உயிரின் எச்சத்தை வளையம் வளையமாகச் சுரண்டி அளந்து, அது மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டது என்று சொன்னது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓர் உயிர் கடந்த பருவங்களை எண்ணிவிட முடிந்ததைப் படிக்கும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது.

சேசரே எமிலியானி 1955இல் இந்த முறையைக் கடலடிச் சேற்றில் கிடக்கும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளில் பயன்படுத்தி, பனியுகங்கள் அடுத்தடுத்து வந்துபோனதைக் காட்டினார். ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கடல் வெப்பநிலையால் வந்தது என்று அவர் கொண்டார். 1967இல் நிக்கலஸ் ஷாக்கிள்டன், ஆழ்கடல் அடித்தளத்தில் வாழ்ந்த இனங்களிலும் அதே ஏற்ற இறக்கம் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். எப்போதும் குளிர்ந்தே இருக்கும் அடித்தளத்தில் அவ்வளவு வெப்ப மாற்றம் நேர்ந்திருக்க முடியாது. இலேசான ஆக்சிஜன் ஆவியாகிப் போய் நிலத்தில் பனிக்கட்டியாகத் தங்கியதால், மிஞ்சிய கடல் நீரே கனத்துவிட்டது. அளவீடு ஒன்றே, வெப்பமானி என்று வாசித்ததைப் பனிக்கட்டியின் கணக்காக வாசிக்க வேண்டியதாயிற்று. அப்படி வாசித்ததால்தான் 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களே பனியுகங்களின் தாளத்தை நிர்ணயிக்கின்றன என்று நிறுவ முடிந்தது. கனமான கார்பனும் கனமான ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறில் எவ்வளவு சேர்கின்றன என்று அளந்து, நீரின் விகிதம் தெரியாமலேயே வெப்பநிலையைக் கணிக்கும் முறை பின்னர் கால்டெக்கில் ஜான் ஐலர் குழுவிடமிருந்து வந்தது. பழைய சிக்கலுக்கு அது ஒரு நேரடி விடை.

மழைக்கும் இதே இயற்பியல்தான். மேகம் கடலிலிருந்து விலகி மழையைப் பொழிந்துகொண்டே போகும்போது கனமான மூலக்கூறுகள் முதலில் இறங்கிவிடும். மிஞ்சும் ஈரம் மேலும் மேலும் இலேசாகும். வில்லி டான்ஸ்கார்ட் இதை மழைநீரில் ஆராய்ந்து, கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் துளைத்தெடுத்த பனித்தண்டில் லட்சம் ஆண்டுக் காலநிலையைப் படித்தார். 1961இல் ஹார்மன் கிரேக், உலகின் மழையிலும் ஆறுகளிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒரே நேர்கோட்டில் விழுவதைக் காட்டினார். நீரியலுக்கு இதைவிட உதவியான கோடு வேறில்லை. வெயிலில் ஆவியாகி வற்றிய ஏரி நீர் அந்தக் கோட்டை விட்டு விலகிப்போகும். ஆகவே கிணற்று நீர் நேரே மழையிலிருந்து இறங்கியதா, ஏரியில் தேங்கிக் கசிந்ததா என்று பிரிக்கலாம். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை தென்மேற்குப் பருவமழையைவிட இலேசான ஆக்சிஜன் கொண்டது. எந்தப் பருவம் நிலத்தடி நீரை நிரப்புகிறது என்பதையும் அதைக் கொண்டு அறியலாம். மீஞ்சூரைப் போலக் கடல்நீர் ஊடுருவிய பகுதிகளில் உப்பு கடலிலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து கரைந்ததா என்ற கேள்விக்கும் இதில் வழி உண்டு. தண்ணீருக்கு அல்லாடும் ஒரு மாநிலத்தில் இதைவிட நேரடியான பயன் என்ன வேண்டும்? ஆனாலும் ஆழ்துளைக் கிணறு போடுகிற இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்பவர் அரிது.

மற்றப் பயன்களை விரைந்து சொல்கிறேன். நடுக்கடல் எரிமலை முகடுகளில் கசியும் ஹீலியம்-3, பூமி உருவானபோது சிக்கிய வாயு இன்னும் தப்பிவருவதைக் காட்டுகிறது. கந்தகத்தின் நான்கு நிலையான ஐசோடோப்புகளில் கண்ட விசித்திரமான விலகல் ஒன்று சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் மட்டும் இருப்பதை ஃபார்கர், பாவ், தீமன்ஸ் மூவரும் 2000த்தில் வெளியிட்டார்கள். காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலத்தில் மட்டுமே அந்த விலகல் பாறையில் தங்க முடியும். நிலக்கரியிலும் எண்ணெயிலும் கார்பன்-14 முற்றிலும் தீர்ந்துபோயிருக்கும், கார்பன்-13ம் குறைவு. காற்றில் கூடிவரும் கரியமில வாயுவில் இரண்டும் சேர்ந்து குறைவது, அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மறுக்க முடியாத சான்று.

விண்கதிர்கள் பாறையில் உண்டாக்கும் ஐசோடோப்புகளின் ஆய்வில் இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. தேவேந்திர லால் அதன் முன்னோடிகளில் ஒருவர். பாறை மேற்பரப்பின் அரிமானத்தை இந்த ஐசோடோப்புகளால் கணிப்பது பற்றி அவர் 1991இல் எழுதிய ஆய்வுரையைத்தான் உலகம் முழுவதும் இன்றும் பின்பற்றுகிறார்கள். அந்த முறையின் அழகான பயன்பாடு ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் நடந்தது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் பழைய கற்காலக் கருவிகளைக் கண்ட இடம் அது. குவார்ட்சைட் கல் வெட்டவெளியில் கிடக்கும்போது விண்கதிர்கள் அதனுள் அலுமினியம்-26ஐயும் பெரிலியம்-10ஐயும் தெரிந்த விகிதத்தில் உண்டாக்கும். மண்ணுக்குள் புதைந்ததும் உற்பத்தி நின்று, அலுமினியம் வேகமாகவும் பெரிலியம் மெதுவாகவும் குறையும். விகிதத்தைப் பார்த்தால் கருவி புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட சராசரி வயது 15 லட்சம் ஆண்டுகள். மண்ணடுக்கின் காந்தத் திசைச் சான்றையும் அவர்கள் கூடவே வைத்தார்கள். கல்லாயுதத்துக்கே நேரடியாக வயது காண முடிந்தது இங்கே.

கார்பன்-14 கதை வேறு. கீழடியின் கி.மு. 6ஆம் நூற்றாண்டு, சிவகளை முதுமக்கள் தாழி நெல்லின் கி.மு. 1155 போன்ற எண்கள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்தில் அளந்தவை. அந்த அளவீடுகளைப் பற்றி நமக்குப் பெருமை இருப்பது இயல்பு. அவற்றை வாசிக்கும் பயிற்சியும் இருக்க வேண்டும். கார்பன்-14 கரியின் வயதைச் சொல்லும், பானையின் வயதைச் சொல்லாது. முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் வைரக்கட்டை எரிந்த கரி, அடுப்பு மூட்டிய நாளைவிட முந்நூறு ஆண்டு மூத்த வயதைக் காட்டும். நெல்மணி ஓராண்டுப் பயிர் என்பதால் அந்த ஐயம் அதில் இல்லை. இன்னொரு சிக்கல் இயற்கையே வைத்தது. வளிமண்டலத்தில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதால், மரவளையங்களைக் கொண்டு திருத்தம் செய்ய வேண்டும். அந்தத் திருத்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அக்காலத்து ஒற்றை மாதிரி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் நூற்றாண்டுக் கணக்கில் பரந்துதான் விடை தரும். கீழடியின் தொடக்கம் விழுவது சரியாக அந்த இடைவெளியில். ஆகவே அங்கே ஒரு மாதிரியின் எண்ணை வைத்துக் கட்சி கட்டுவதில் பொருளில்லை. அடுக்கு அடுக்காக எடுத்த பல மாதிரிகளின் வயதுகளை மண்ணடுக்கின் வரிசையோடு சேர்த்துக் கணிப்பதே வழி.

இந்தத் துறையைப் படிக்க வருகிறவருக்கு ஒரே பாடம் போதாது. மாசு புகாமல் மாதிரியைக் கரைக்கும் வேதியியல் வேண்டும், நிறைமாலைமானியின் இயற்பியல் வேண்டும், பிழை வரம்பைக் கணிக்கும் புள்ளியியல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாறையின் முன்னும் மண்ணடுக்கின் முன்னும் நின்று பழகிய கண் வேண்டும். குந்தர் ஃபோரே, யோகன் ஹோஃப்ஸ், ஆலன் டிக்கின் ஆகியோரின் பாடநூல்கள் நல்ல தொடக்கம். அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம், ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், புதுதில்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம் ஆகியவற்றில் இதற்கான ஆய்வகங்கள் உள்ளன. சார்னோக்கைட்டும் அத்திரம்பாக்கமும் மணவாளக்குறிச்சி மணலும் இருக்கிற மாநிலத்தின் புவியியல் துறைகளிலிருந்து அங்கே போகும் மாணவர் எண்ணிக்கை கூட வேண்டும். அகழாய்வு முடிவுகளை அறிவிப்பவர்களும் ஆண்டை மட்டும் சொல்லி நிறுத்தாமல், எந்த ஆழத்தில் எடுத்த எந்தப் பொருள், திருத்தத்துக்கு முந்தைய அளவீடு என்ன, திருத்தியபின் வரம்பு எவ்வளவு என்று முழுமையாக அச்சிட வேண்டும். வாசகர்களும் அதைக் கேளுங்கள். அடுத்த முறை ஒரு வயது செய்தியில் வரும்போது, ஆண்டைப் பார்ப்பதற்கு முன் எதை அளந்தார்கள் என்று தேடிப் படியுங்கள்.